போன்சாய்க்கு உரம் போட்டால் மரம் பெரிதாகிவிடாதா?

நர்சரியில் வாங்கிய ஆல் போன்சாய்க்கு (தட்டில் குட்டையாக வளர்க்கும் மரம்) மூன்று வாரத்துக்கு முன்பு வேர் வெட்டி மண் மாற்றியிருக்கிறீர்கள். இப்போது இலை வெளுக்கிறது. உரம் போட்டால் மரம் பெரிதாகிவிடும் என்று வீட்டில் தடுக்கிறார்கள், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் போட வேண்டும். ஆனால் இன்றைக்கு வேண்டாம்.

திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 14 வருடமாக ஆல், இச்சி, கொடுக்காப்புளி, காகிதப்பூ வளர்க்கிறேன். முதல் மூன்று வருடம் நானும் உரமே போட்டதில்லை. பழைய சுவர் வெடிப்பில் ஆலங்கன்று தானாக வளர்கிறதே, தட்டில் இருப்பதற்கு மட்டும் எதற்கு என்று நினைத்தேன். சுவர்க் கன்றின் வேர் எங்கே போகிறது என்று யோசிக்கவில்லை. அது வெடிப்புக்குள்ளேயே ஆள் உயரத்துக்கு இறங்கி, ஈரம் இருக்கிற இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தட்டு மரத்துக்குத் தேடிப் போக வழியில்லை. என்னிடம் உள்ள பெரிய தட்டே 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 6 செ.மீ. ஆழம்தான். விளிம்பு வரை நிரப்பினாலும் மூன்றரை லிட்டர் சொச்சம் மண். அதில் பாதிக்கு மேல் செங்கல் சில்லும் மணலும். கோடையில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறோம். அடித் துளையில் வடிகிற ஒவ்வொரு முறையும் கரைந்த சத்து கூடவே போய்விடுகிறது.

மரத்தைச் சிறிதாக வைத்திருப்பது உங்கள் கத்தரிக்கோல். நுனி கிள்ளுகிறோம், கிளை குறைக்கிறோம், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை வேர் வெட்டுகிறோம். இத்தனை வெட்டுக்குப் பிறகும் மரம் மறுபடி துளிர்க்க வேண்டுமே, அந்தத் தெம்பு எங்கிருந்து வரும்? என் இச்சி மூன்றாம் வருடக் கவாத்துக்குப் பிறகு இடது பக்கம் துளிர்க்கவே இல்லை. அடிக்கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்து பட்டுப்போனது. அந்த இடம் இன்றும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

இனி, ஏன் இன்றைக்கு வேண்டாம் என்பது. இச்சிக்குப் பிறகு பயந்துபோய் எதிர்ப்பக்கம் தாவினேன். புளியங்கன்று ஒன்றுக்கு மண் மாற்றிய பத்தாம் நாள், இலை சோர்ந்திருக்கிறதே என்று டிஏபி என்ற ரசாயன உரம் ஒரு தேக்கரண்டி தூவினேன். நாலு நாளில் இலை கருகிக் கொட்டியது. பிரித்துப் பார்த்தால் வேர் நுனியெல்லாம் பழுப்பாக நைந்திருந்தது. ரசாயன உரம் கரைந்தால் உப்புக் கரைசல். வேருக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே உப்பு செறிந்துவிட்டால், வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாது, இருப்பதையும் இழக்கும். வெட்டுப்பட்ட வேருக்கு அதைத் தாங்கும் சக்தி ஏது? எட்டு வருடம் வளர்த்த கன்று அது. நினைத்தால் இன்னும் மனசு கஷ்டப்படும். அதனால்தான் மண் மாற்றிய மரம், நோயில் கிடக்கிற மரம், காய்ந்த மண்ணில் நிற்கிற மரம் மூன்றுக்கும் உரத்தைக் காட்டாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஆல் புதுத் துளிர் விட்டு, அந்தத் துளிர் நீண்டு இலை விரியட்டும். பொதுவாக நாலிலிருந்து ஆறு வாரம். அதுவரை வெறும் தண்ணீரும் கடும் வெயில் படாத இடமும் போதும்.

பிறகு என்ன போடுவது? என் கை போவது புண்ணாக்குக்குத்தான். ஜப்பானில் போன்சாய்க்காரர்கள் காலங்காலமாக இடுவதும் புண்ணாக்குதான்; 'அபுரா காசு' என்பார்கள், எண்ணெய்ச் சக்கை என்று பொருள். கடுகு இனத்து வித்தின் புண்ணாக்கோடு எலும்புத்தூள் கலந்து, உருட்டி, மண் மேல் வைப்பார்கள். நமக்குக் கடலைப் புண்ணாக்கும் வேப்பம் புண்ணாக்கும் இருக்கின்றன. கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் 7 சதவீதம், வேப்பம் புண்ணாக்கில் 5. இரண்டிலும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) குறைவு; கொஞ்சம் எலும்புத்தூள் சேர்ப்பது மணிச்சத்துக்காகத்தான்.

நான் இரண்டையும் 50 கிராம் வீதம் எடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு வாரம் ஊறவைப்பேன். தினமும் கிளறிவிட வேண்டும், நாற்றம் வரும், மூடியை இறுக்காமல் வையுங்கள். வடிகட்டி, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் விட்டு, வெளிர் டீ நிறத்துக்கு வந்ததும் ஊற்றலாம். முதலில் வெறும் தண்ணீரால் மண்ணை நனைத்துவிட்டு, பிறகுதான் கரைசல். பதினைந்து நாளுக்கு ஒரு முறை. அடுக்குமாடியில் நாற்றம் ஒத்துவராது என்றால், வேப்பம் புண்ணாக்கைச் சின்னத் துணி முடிச்சாகக் கட்டி, தண்டை ஒட்டாமல் தட்டு ஓரமாக மண் மேல் வையுங்கள். தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கடலைப் புண்ணாக்கை அப்படி வைக்காதீர்கள், எறும்பும் எலியும் வந்துவிடும். இதுவும் முடியாதென்றால் இந்த மூன்று சத்தும் சம அளவில் உள்ள 19:19:19 கரையும் உரம், லிட்டருக்கு அரை கிராம் போதும். அதைப் போடுகிறவர்கள் மாதம் ஒரு முறை வெறும் தண்ணீரை நிறைய விட்டு மண்ணைக் கழுவிவிடுங்கள். தட்டு விளிம்பில் வெள்ளைப் படிவு தெரிந்தால் உப்பு சேர்ந்திருக்கிறது.

வெளுத்த இலைக்கு வருகிறேன். எல்லா மஞ்சளும் தழைச்சத்துப் பஞ்சம் இல்லை. அடியிலுள்ள பழைய இலை முழுசாக மஞ்சளானால் தழைச்சத்து. பழைய இலையில் நரம்புகளுக்கு நடுவே மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம், எப்சம் உப்பு லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து விடலாம். நுனித் துளிரே வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து. எங்கள் போர் தண்ணீர் பயங்கர உப்பு, காரத்தன்மை அதிகம். அதை ஊற்ற ஊற்ற மண்ணும் காரமாகி, இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாமல் போகிறது. இது தெரியாமல் ஒரு வருடம் புண்ணாக்கைக் கூட்டிக்கொண்டே போனேன். இலை பெரிதானதே தவிர பச்சை வரவில்லை. கடையில் இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பு என்று கேட்டு வாங்குங்கள். காரமான மண்ணில் வேலை செய்வது அதுதான், மலிவான இ.டி.டி.ஏ. வகை அங்கே நிலைக்காது. மழைத்தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றினால் அதைவிட நல்லது.

எல்லா மரத்துக்கும் ஒரே கணக்கும் இல்லை. தண்டு பருக்க வேண்டிய இளங்கன்றுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். உருவம் அமைந்துவிட்ட ஆலுக்குத் துளிர் விடும் நேரத்தில் தழைச்சத்து கூடினால் இலை அகலமாகி, கணு இடைவெளி நீண்டுவிடும். துளிர் முற்றிய பிறகு கொடுங்கள். காகிதப்பூவுக்கு அதிகம் போனால் இலைதான் மிஞ்சும், பூ வராது. கொடுக்காப்புளி வேர் முடிச்சில் தானே தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும், அதற்குப் பாதி போதும்.

மாசி, பங்குனியில் தொடங்கி ஐப்பசி மழை பிடிக்கும்வரை கொடுப்பேன். கத்திரி வெயில் நாளில் அளவைப் பாதியாக்கி மாலையில் மட்டும். அடைமழையில் நிறுத்திவிடுவேன், மார்கழியிலும் இல்லை.

உங்கள் மரத்தில் வெளுப்பது நுனித் துளிரா, அடி இலையா என்று பார்த்து எழுதுங்கள். என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால், துளிர் விட்ட பிறகு எதில் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.