ஒரு வருடம் ஹைடல்பெர்கில் படிக்கப் போகும் மகள்: பி.எஃப். பணத்தில் கை வைக்கலாமா?

கேள்வி: என் மகள் பி.ஏ. அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்வு முடித்து, இப்போது அடுத்த நிலையான பி2 படிக்கிறாள். அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் அரசியலும் மொழிகளும் படிக்க ஆசைப்படுகிறாள். எஃப்.டி.யில் 11 லட்சம் இருக்கிறது. நகை 30 பவுன். கணவர் இன்னும் மூன்று வருடத்தில் ஓய்வு பெறுகிறார். அவருடைய பி.எஃப். பணத்தை எடுக்கலாமா, நகையை அடகு வைக்கலாமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் மகள் நல்ல இடத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அங்குள்ள தெற்காசிய நிறுவனத்தில் நம் பகுதியின் அரசியலும் பாடம், தமிழும் பாடம். போகட்டும். ஆனால் பி.எஃப். பணத்தைத் தொடாமல் போகட்டும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அவள் போவது கல்லூரியின் பரிமாற்ற ஒப்பந்தத்திலா, தானாக விண்ணப்பித்தா? ஹைடல்பெர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் மாணவர்களுக்கு 2017-இல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம் கொண்டுவந்தது. ஒப்பந்தத்தில் வருபவர்களுக்கு அது கிடையாது. இரண்டு செமஸ்டருக்கு 3,000 யூரோ. சின்னத் தொகை இல்லை. இதைவிடப் பெரிய செலவு ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. அங்கே படித்த தாள்களை இங்கே கல்லூரி ஏற்காவிட்டால், திரும்பி வந்து இன்னொரு வருடம் படிக்க வேண்டும். எந்தெந்தத் தாள்களை ஏற்பார்கள் என்று துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

சரி, இப்போது கணக்கு. விசாவுக்கு முன்பே ஒரு வருடச் செலவைக் காட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் அதற்காக 'பிளாக்டு அக்கவுண்ட்' திறந்து 11,904 யூரோ போடுகிறார்கள். அது கட்டணம் இல்லை, உங்கள் பணம்தான். மாதம் 992 யூரோவாக மகள் கைக்கே வரும். வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதிலிருந்துதான். ஒரு யூரோவை 110 ரூபாய் என்று கொஞ்சம் கூட்டியே வையுங்கள்: ஏறக்குறைய 13 லட்சத்து 10 ஆயிரம். விமானம், விசா, கையிருப்பு எல்லாம் சேர்த்தால் 16 லட்சம். ஒப்பந்தம் இல்லாமல் போனால் 19 லட்சத்தைத் தாண்டும்.

கையிருப்பை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் அக்கா மகள் போனபோது, அங்கே வங்கிக் கணக்கு திறந்து முதல் 992 யூரோ வந்து சேர ஐந்து வாரம் ஆனது. அதற்குள் அறைக்கு முன்பணம் கேட்டார்கள். சட்டப்படி மூன்று மாத வாடகை வரை கேட்கலாம். ஒரு நாள் இரவு, புரியாத ஒரு கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். தொலைக்காட்சி, வானொலிக்காக ஒவ்வொரு வீடும் மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும் என்ற அறிவிப்பு அது. அவள் அறையில் தொலைக்காட்சியே இல்லை. இருந்தாலும் கட்டத்தான் வேண்டும். அந்த ஐந்து வாரமும் கொண்டுபோன அரிசி, பருப்பில் ஓட்டினாள். 1,500 யூரோவாவது உங்கள் மகள் கையில் தனியாக இருக்கட்டும்.

ஒப்பந்தத்தில் போனால் ஆகும் 16 லட்சத்துக்கு என் யோசனை: எஃப்.டி.யில் 9 லட்சம், கல்விக் கடன் 7 லட்சம். மிச்சம் 2 லட்சம் வீட்டு அவசரத்துக்கு. வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. 4 லட்சத்துக்கு மேல் ஜாமீன் கேட்கலாம். ஒரு வருடப் படிப்பு, பட்டம் இல்லை என்றால் சில கிளைகள் தயங்கும். அதனால் அனுமதிக் கடிதம் வந்த அன்றே போய்ப் பேசுங்கள். பழைய வரி முறையில் இருந்தால் கட்டும் வட்டிக்கு எட்டு வருடம் வரை வரிக் கழிவும் உண்டு.

இன்னொரு லாபம்: படிப்புக்காகச் சொந்தப் பணமாக அனுப்புவது ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால்தான் டி.சி.எஸ். (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். வங்கியில் வாங்கிய கல்விக் கடனிலிருந்து அனுப்புவதற்கு அதுவும் இல்லை. நான் சொன்னபடி பிரித்தால் உங்களுக்கு டி.சி.எஸ். வராது.

நகைக் கடன் ஏன் வேண்டாம் என்றால், பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் அசலும் வட்டியும் சேர்த்துத் திருப்ப வேண்டியிருக்கும். மகள் படித்துக்கொண்டிருக்கும்போதே தவணை வந்து நிற்கும். கல்விக் கடன் கிடைக்காமலே போனால் மட்டும் அதை யோசியுங்கள். அப்போதும் பத்துப் பதினைந்து பவுனுக்கு மேல் வேண்டாம். பி.எஃப். வேறு விஷயம். மூன்று வருடத்தில் ஓய்வு பெறுபவர் எடுத்ததைத் திரும்பச் சேர்க்க நேரமே இல்லை.

அங்கே வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்ய மாணவர்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் அந்த வருமானத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதல் செமஸ்டரில் ஜெர்மன் மொழியில் அரசியல் வகுப்பைப் பின்தொடர்வதே அவளுக்குப் பெரிய வேலையாக இருக்கும்.

பணம் அனுப்பும் நாளில் இரண்டு மூன்று வங்கிகளில் யூரோ விலை கேளுங்கள், பேரமும் பேசுங்கள். யூரோவுக்கு ஒரு ரூபாய் குறைந்தால்கூட உங்களுக்கு 11,904 ரூபாய் மிச்சம்.