இத்தனூண்டு பொம்மைக்கு எவ்வளவு கேட்கலாம்?

கேள்வி: விஸ்காம் முடித்துவிட்டு வீட்டிலிருந்தே கேம்களுக்குப் பிக்சல் ஆர்ட், அதாவது புள்ளி புள்ளியாக வைத்துச் செய்யும் படம், வரைகிறேன். பெங்களூருவில் கேம் செய்யும் ஒருவர் 32க்கு 32 பிக்சலில், நாலு திசையிலும் நடக்கிற ஒரு வீரன் கேட்டார். 500 ரூபாய் சொன்னேன். இப்போது அதே காசில் வாள் வீசவும் வேண்டும், தொப்பியையும் மாற்ற வேண்டும் என்கிறார். அடுத்து மூன்று எதிரிகளும் வேண்டுமாம். கூடக் கேட்டால் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அப்பாவோ, "இத்தனூண்டு பொம்மைக்கு 500 ரூவாயே அதிகம்லா" என்கிறார். எப்படி விலை சொல்வது?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தம்பி, முதலில் அப்பாவுக்குப் பதில் சொல்லிவிடுவோம். பக்கத்திலேயே பத்தமடை இருக்கிறது. முரட்டுப் பாயும் பட்டுப் பாயும் ஒரே கோரையில்தான் நெய்கிறார்கள். கோரையை நூல் மாதிரிக் கிழித்து, நாள்கணக்கில் நெய்த கைக்குத்தான் பட்டுப் பாயில் காசு. நீள அகலத்தை மட்டும் பார்த்து அதற்கு யாரும் விலை பேசுவதில்லை. உங்கள் படமும் அப்படித்தான். 32 பிக்சலில் கண்ணுக்கு இரண்டு புள்ளிதான் கிடைக்கும். ஒன்று தள்ளிப்போனால் முகமே மாறிவிடும்.

நீங்கள் 'ஒரு வீரன்' என்று விலை சொன்னதில்தான் சிக்கல். ஃபிரேமை, அதாவது அசைவுக்காக வரையும் ஒவ்வொரு தனிப் படத்தையும், எண்ணுங்கள். ஒரு திசைக்கு நாலு ஃபிரேம் என்றால், நாலு திசைக்குப் பதினாறு. இடது பக்கத்தைத் திருப்பிப் போட்டால் வலது பக்கம் வந்துவிடும். வாள் கை மாறித் தெரியும், அது பரவாயில்லையா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆக மூன்று திசைதான் வரைய வேண்டும். நாலு ஃபிரேமில் நிற்கிற நிலை இரண்டு தடவை வரும், அதனால் திசைக்கு மூன்று படம், மொத்தம் ஒன்பது. வாள் வீச்சுக்குத் திசைக்கு நாலு, மொத்தம் பன்னிரண்டு. கூட்டினால் 21 படம்.

ஒரு ஃபிரேமுக்கு 25 நிமிடம் என்று வைத்தால் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். ஆளை முதன்முதலாக உருவாக்க மூன்று மணி, பேச்சுக்கும் திருத்தத்துக்கும் இரண்டு. மொத்தம் 14 மணி நேரம். இதை 500 ரூபாய்க்குக் கொடுத்தால் மணிக்கு 36 ரூபாய்கூடத் தேறாது. என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த படம் வரையும்போது மணி பார்த்து உங்கள் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மணிக்கு எவ்வளவு? வீட்டிலிருக்கிற உங்களுக்கு மாதம் 15,000 ரூபாய் வந்தால் சமாளிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஆள் தேடுவது, பேசுவது, பழகுவது எல்லாம் போக, காசு தருகிற வேலை மாதம் 100 மணி நேரம் கிடைத்தாலே நல்லது. அப்போது மணிக்கு 150 ரூபாய், இந்த வீரனுக்கு 2,100 ரூபாய். புதியவர் என்பதற்காக இதற்குக் கீழே போகாதீர்கள். புதியவருக்கு நேரம் கூடத்தான் ஆகும். அந்தக் கூடுதல் நேரத்தில் கொஞ்சத்தை நீங்களே ஏற்றுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

திருத்தத்தில்தான் நிறையப் பேர் நஷ்டப்படுகிறார்கள். பிக்சல் ஆர்ட் மென்பொருளான ஏஸ்ப்ரைட்டில் இன்டெக்ஸ்டு முறையில் (ஒவ்வொரு புள்ளியும் நிறப் பட்டியலில் உள்ள ஓர் எண்ணைச் சுட்டும் முறை) வரைந்திருந்தால், பேலட் என்கிற அந்தப் பட்டியலில் ஒரு நிறத்தை மாற்றினால் போதும், எல்லா ஃபிரேமிலும் சட்டை நிறம் மாறிவிடும். அதைச் சும்மாவே செய்து கொடுங்கள். தொப்பி அப்படியில்லை. அதன் வடிவம் மாறினால் 21 படத்தையும் மறுபடி தொட வேண்டும். அதனால் நிற்கிற நிலையை மட்டும் முதலில் காட்டி, இரண்டு திருத்தம்வரை ஏற்று, 'சரி' என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் அசைவைத் தொடங்க வேண்டும். அப்புறம் வருகிற மாற்றத்துக்கு மணிக்கணக்கில் காசு.

பாதிப் பணம் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். முதலில் சின்ன ஜிஃப் (அசையும் படம்) காட்டினால் போதும்; எல்லா ஃபிரேமையும் அடுக்கிய ஸ்ப்ரைட் ஷீட் முழுப் பணம் வந்த பிறகு. உரிமையையும் பேசிவிடுங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி, உரிமையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். வெளிநாட்டுக்காரர் என்றால் பேபாலில் வாங்கலாம், ஆனால் கட்டணமும் டாலர் மாற்றும்போது போகிறதும் சேர்த்தே விலை சொல்லுங்கள். 'கேம் விற்றால் பங்கு தருகிறேன்' என்பவரோடு பிடித்தால் சேருங்கள், ஆனால் அந்தப் பங்கை வருமானமாகக் கணக்கில் எழுதாதீர்கள்.

இப்போது பெங்களூருக்காரருக்கு இப்படி எழுதுங்கள்: "நடக்கும் வீரனை நாம் பேசிய 500 ரூபாய்க்கே முடித்துத் தருகிறேன். வாள் வீச்சும் தொப்பியும் புது வேலை, அதற்குத் தனி விலை அனுப்புகிறேன். எதிரிகளை ஃபிரேம் எண்ணிக்கை சொன்னால் ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுத் தருகிறேன்." வாக்குக் கொடுத்த விலையில் நின்றுவிட்டுப் புதியதற்குக் கேட்பதால் இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அவர் காசு குறைவு என்றால் ஃபிரேமைக் குறையுங்கள், மணிக்கூலியைக் குறைக்காதீர்கள். எதிரிகளுக்கு வாள் வீச்சு வேண்டாம், இரண்டு ஃபிரேமில் குதித்தால் போதும் என்று நீங்களே யோசனை சொல்லலாம். சின்ன கேம்களில் அது நன்றாகவே இருக்கும்.