சைக்கிள் பெருகினால் விபத்தும் பெருகுமா?

கேள்வி: சாலையில் சைக்கிளில் செல்வோர் கூடினால் விபத்தும் கூடத்தானே செய்யும்? கூட்டமாகச் சென்றால் ஆபத்து குறைவு என்று வெளிநாட்டு ஆய்வு ஒன்று சொல்வதாகக் கேள்விப்பட்டேன். கணக்கு உதைக்கிறதே!
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: விபத்து கூடத்தான் செய்யும், ஆனால், சைக்கிள் கூடுகிற அளவுக்குக் கூடுவதில்லை. கலிபோர்னியாவைச் சேர்ந்த பொதுச் சுகாதார ஆலோசகர் பீட்டர் ஜேக்கப்சன், அம்மாநிலத்தின் 68 நகரங்கள், டென்மார்க்கின் 47 ஊர்கள், மேலும் சில ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றின் விவரங்களை ஒப்பிட்டு 2003-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓர் ஊரில் சைக்கிள் ஓட்டுவது இரு மடங்கானால், மோட்டார் வாகனம் மோதிக் காயமடைவோர் ஏறத்தாழ 32 சதவீதமே அதிகரிக்கின்றனர். 1,000 பேர் ஓட்டிய ஊரில் 100 பேர் அடிபட்டார்கள் என்று வைத்துக்கொண்டால், 2,000 பேர் ஓட்டும்போது 132 பேர் அடிபடுவார்கள்; அதாவது, பத்தில் ஒருவருக்கு இருந்த ஆபத்து பதினைந்தில் ஒருவருக்கு என இறங்கிவிடுகிறது. இது நண்பர்களோடு சேர்ந்து ஓட்டுவதைப் பற்றிய பேச்சு அன்று. தனியே செல்பவருக்கும் பொருந்தும்.

பலர் ஓட்டுகிறார்கள் என்பதற்காக எந்தச் சைக்கிள்காரரும் முன்னைவிடக் கவனமாக ஓட்டப்போவதில்லை; ஆகவே மாறுவது கார் ஓட்டுநரின் நடத்தையாகத்தான் இருக்கவேண்டும் என்பது ஜேக்கப்சனின் வாதம். சந்திப்பில் திரும்பும் ஓட்டுநரின் கண், வழக்கமாக அங்கே வருவதைத்தான் தேடும். எப்போதோ ஒரு சைக்கிள் வரும் இடத்தில் அது எதிரே வந்தாலும் மனத்தில் பதியாமல் போகலாம். நிமிடத்துக்குப் பத்து வரும் இடத்திலோ, பார்க்காமல் திரும்பக் கை வராது.

எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. சைக்கிள் பெருகியதால் சாலை பாதுகாப்பானதா, சாலை பாதுகாப்பானதால் சைக்கிள் பெருகியதா என்பதை இத்தகைய ஒப்பீடு பிரித்துக் காட்டாது. தவிர, கூடுதலாக அடிபடும் அந்த 32 பேரும் மனிதர்கள்தாம்; ஆட்கள் சேர்ந்தால் பாதுகாப்பு தானே வந்துவிடும் என்று நகராட்சிகள் கைகட்டி நிற்க இந்த ஆய்வில் இடமில்லை. சைக்கிளுக்கு ஒருபோதும் பஞ்சமில்லாத நெதர்லாந்திலேயே 1971-இல் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களுள் 400-க்கு மேற்பட்டோர் குழந்தைகள். ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் தோன்றி, பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடிய பிறகே சைக்கிளுக்கான தனிப்பாதைகளும் குடியிருப்புத் தெருக்களில் வேகக் கட்டுப்பாடும் அங்கே பரவலாயின. இன்று அந்நாட்டில் நாம் வியந்து பார்க்கும் சைக்கிள் கூட்டம், அந்தப் பாதைகளை நம்பி வந்த கூட்டம்.