ஓசாப் கடன் இருக்கட்டும், கார்டைக் காட்டுங்கள்

கேள்வி: கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறேன், வயது 38. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, கல்லூரியில் சைல்ட் அண்ட் யூத் கேர் மூன்றாண்டு டிப்ளோமா படிக்கிறேன். இரண்டாம் ஆண்டு முடிகிறது. பிள்ளைகளைப் பராமரிக்கும் குரூப் ஹோம் ஒன்றில் ரிலீஃப் ஷிஃப்ட் (ஆள் குறையும்போது கூப்பிடும் வேலை) செய்து மாதம் 1,500 டொலர் உழைக்கிறேன். செப்டம்பரிலிருந்து கிழமைக்கு மூன்று நாள் சம்பளமில்லாத பிளேஸ்மென்ட் (படிப்புக்கான வேலைப் பயிற்சி), வருமானம் பாதியாகிவிடும். ஓசாப் (ஒன்டாரியோ மாகாண மாணவர் உதவி) கடன் 11,000. யாழ்ப்பாணத்தில் இவருடைய தம்பி மேல்மாடி கட்டுகிறார். அதற்கு மாதம் 600 அனுப்ப, கிரெடிட் கார்டில் காசாக எடுக்கிறேன். 9,400 நிற்கிறது. கார்ட் விஷயம் இவருக்குத் தெரியாது. படிப்பை நிறுத்தி ஓசாப்பைக் கட்டவா? முகவர் ஒருவர், மாதம் 250 கட்டி ஆயுள் காப்புறுதி எடுத்தால் பிறகு அதிலிருந்தே கடன் எடுக்கலாம் என்கிறார்.

பதில்: நீங்கள் பயப்படுவது பிழையான கடனுக்குத் தங்கச்சி. முழுநேரமாகப் படிக்கும்வரை ஓசாப்புக்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. படிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் தவணை தொடங்கும். அதில் மத்திய அரசின் பங்குக்கு 2023 ஏப்ரலிலிருந்து வட்டியே கிடையாது. இப்போது படிப்பை விட்டால் அந்த ஆறு மாதக் கணக்கு உடனே ஓடத் தொடங்கும், கையில் டிப்ளோமாவும் இராது.

கார்டைப் பாருங்கள். காசாக எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி. 22 சதவீதம் என்று வைத்தாலும் 9,400க்கு மாதம் 170 போகிறது. இன்னும் ஒரு வருடம் 600 அனுப்பினால் முதல் மட்டும் 16,600, மாத வட்டி 300 அளவில். பிளேஸ்மென்ட் காலத்தில் உங்களுக்கு வருவது 750. மேல்மாடிக்கு 600, வட்டிக்கு 300. இரவிரவாகப் பிள்ளைகளைப் பார்த்து உழைப்பது முழுவதும் போய், இன்னும் 150 துண்டு விழும். வீட்டுச் சாமான் இன்னும் வாங்கவில்லை.

காப்புறுதி முகவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். ‘பொலிசியே உங்கள் வங்கி’ என்ற பேச்சை இப்போது கலியாண வீட்டுக்குப் போனாலும் கேட்க வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட பொலிசிகளில் முதல் சில வருடங்களில் திருப்பி எடுக்கப் பெரிதாக ஒன்றும் இராது. குடும்பத்துக்காகக் காப்பு வேண்டுமென்றால், குறித்த காலத்துக்கு மட்டும் காப்புத் தரும் சாதாரண டேர்ம் பொலிசி போதும்.

தொழிற்சாலைக் காலத்து ஆர்ஆர்எஸ்பி (ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) ஏதும் இருக்கிறதா? ஓய்வுவரை எடுக்க முடியாதபடி பூட்டப்படாத கணக்கென்றால், முழுநேர மாணவியாக வாழ்நாள் கல்வித் திட்டத்தின் கீழ் வருடத்துக்கு 10,000 வரை, மொத்தம் 20,000 வரை வரியில்லாமல் எடுக்கலாம். படிவம் ஆர்சி96. திருப்பிப் போடப் பத்து வருடம் தருவார்கள், வட்டி இல்லை. 6,000 எடுத்துக் கார்டில் கட்டினால் மாதம் 110 வட்டி மிச்சம். ஆனால் 600 அனுப்புவதை நிறுத்தாவிட்டால் பத்தே மாதத்தில் கார்ட் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆர்ஆர்எஸ்பியும் போயிருக்கும்.

ஆகவே முதலில் அனுப்புவதை நிறுத்துங்கள். அடுத்த வருடம் வேலை கிடைத்த பிறகு முடிந்ததை அனுப்பலாம். மேல்மாடி ஒரு வருடம் பிந்தினால் கீழ்வீடு இடிந்து விழாது. தம்பியிடம் இதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர், நீங்கள் அல்ல. அவர் தயங்கினால் கார்ட் ஸ்டேட்மென்டை எடுத்து முன்னால் வையுங்கள். அவர் இன்னும் அதைப் பார்க்கவில்லையே.