பாறையாக இறுகிய ஹைப்போ: போடலாமா, நாமே காய்ச்சலாமா?

கேள்வி: பரங்கிப்பேட்டை அருகே சிறிய இறால் குஞ்சுப் பொரிப்பகம் நடத்துகிறோம். தொட்டித் தண்ணீரில் மிஞ்சும் குளோரினை முறிக்கத் தகரக் கொட்டகையில் வைத்திருந்த ஹைப்போ மூட்டை கத்திரி வெயிலில் உருகிப் பாறையாகிவிட்டது. பயன்படுத்தலாமா? எவ்வளவு போடுவது? நாமே தயாரித்தால் மிச்சமா?

பதில்: மூட்டையின் வாய் கட்டியே இருந்ததென்றால் சரக்கு கெடவில்லை. ஹைப்போ எனும் சோடியம் தயோசல்பேட்டின் படிகத்துக்குள் தண்ணீர் இருக்கிறது. 48 டிகிரியில் அந்தத் தண்ணீரிலேயே கரைந்து உருகும், ஆறினால் இறுகும். உடைத்து எடைபோட்டுப் பயன்படுத்துங்கள். வாய் திறந்து கிடந்து மாவாக வெளுத்திருந்தால் மட்டும் கவனம்: முழுக்க நீர் போன 158 கிராம், 248 கிராம் படிகத்துக்குச் சமம். வழக்கமான எடையில் போட்டால் அளவு மிஞ்சும்.

சரக்கின் மேலேயே சந்தேகமா? சிட்டிகையைக் கரைத்து, வெளியில் வைத்து, சில சொட்டு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விடுங்கள். தீக்குச்சி நெடியோடு சற்று நேரத்தில் பால்போல் கலங்கினால் ஹைப்போ. நெடி மட்டும் வந்தால் அது சல்பைட் எனும் வேறு உப்பு.

அளவில்தான் பலர் தவறுகிறார்கள். கிருமி நீக்கப் போட்ட பிளீச்சிங் பவுடருக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். வெயிலிலும் காற்றோட்டத்திலும் குளோரின் தானே குறையும். மிச்சத்தை ஆர்த்தோடாலிடின் சொட்டால் (குளோரின் இருந்தால் மஞ்சளாகும் சோதனைத் திரவம்) அளந்து, 1 கிராம் குளோரினுக்கு 7 கிராம் ஹைப்போ என்று போடுங்கள். 10 டன் (10,000 லிட்டர்) தொட்டியில் 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) மிச்சமென்றால் 10 கிராம் குளோரின், ஆக 70 கிராம். வாளியில் கரைத்து (வாளி சில்லிடும், அது இயல்பு), தொட்டியில் காற்றுக்குழாய் ஓடும்போது பரவலாக ஊற்றி, அரை மணி கழித்து மறுபடி சோதியுங்கள். மஞ்சள் தெரியக் கூடாது. மிகையாகப் போட்டால் பிறகு விடும் அயோடின் மருந்தை அது தின்றுவிடும். கரைசலை அன்றன்றைக்கே கலக்குங்கள். வைத்திருந்தால் கந்தகம் பிரிந்து கலங்கும்.

தயாரிப்பு கடினமில்லை. 126 கிராம் சோடியம் சல்பைட்டை 600 மில்லி தண்ணீரில் கரைத்து, 40 கிராம் கந்தகத்தூளைச் சேர்த்து, வற்றும் நீரை ஈடுகட்டியபடி ஒன்றிரண்டு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். கந்தகம் நனையாமல் மிதக்கும். இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் விட்டால் அடங்கும். சூட்டோடு வடிகட்டி, 200 மில்லியாகச் சுண்டவைத்து ஆறவிடுங்கள். ஆறியும் படிகம் கட்டாமல் அடம்பிடிக்கும். பழைய படிகத்துணுக்கு ஒன்றைப் போட்டால் மளமளவென்று கட்டும். முழுதாகக் கிடைத்தாலே 248 கிராம்தான்.

ஆனால் குஞ்சுத் தொட்டிக்கு இது வேண்டாம். வினைபுரியாமல் தங்கும் சல்பைட் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை உறிஞ்சிவிடும்.