அம்மா கேட்ட கேள்வி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் விசுவமடுவிலிருந்து எழுதுகிறேன். பாடசாலை ஆசிரியை. ஐந்து கிழமைக்கு முன்னர் பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் டிப்பர் அடித்துவிட்டுப் போன ஒரு பெட்டை நாயை, விலங்குகளை மீட்கும் இளைஞர்கள் சிலர் தூக்கி மிருக வைத்தியரிடம் காட்டிவிட்டு, வேறு இடம் கிடைக்கும்வரை பத்து நாளைக்கு வைத்திருக்கும்படி என்னிடம் தந்தார்கள். பின்கால்கள் இரண்டும் இயங்கவில்லை. எடுக்க யாரும் முன்வரவில்லை, நீங்களே வளர்க்க முடியுமா என்று இப்போது கேட்கிறார்கள். எனக்கு அதை விட மனமில்லை. அம்மாவோ, "நாளைக்கு ஒரு ஓட்டம் வந்தால் இதை ஆர் தூக்குறது?" என்கிறார். மனிதர்களே முள்ளந்தண்டில் காயப்பட்டுப் படுக்கையில் கிடக்கும் ஊரில் ஒரு நாய்க்கு இவ்வளவு செலவழிப்பது சரியா என்று அயலிலும் கேட்கிறார்கள். நீங்கள் இப்படியொரு நாயை வளர்த்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். நான் என்ன செய்வது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் உள்ள கேள்விகளில் மிகச் சரியானது உங்கள் அம்மாவுடையது. அதை இரக்கமில்லாத பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2009 தை மாதத்தில் யுத்தத்தால் இடம்பெயர்ந்து நாங்கள் சுதந்திரபுரம் பக்கமாக நகர்ந்தபோது, எங்கள் வளவு நாயின் சங்கிலியைக் கழற்றிவிட்டு, பானையில் இருந்த சோறு முழுவதையும் அதன் சட்டியில் கொட்டிவிட்டு, உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினோம். நடக்கக்கூடிய நாய்க்கே அவ்வளவுதான் எங்களால் செய்ய முடிந்தது. அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்தை இழுத்துக்கொண்டு நடந்த பெண், நடக்க முடியாத ஓர் உயிரைக் கண்டதும் அதைத் தூக்கப்போகும் கையைப் பற்றித்தான் முதலில் யோசிப்பார். ஓட்டம் என்பதை நீங்கள் யுத்தமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உங்களுக்கு டெங்கு வந்து வைத்தியசாலையில் கிடக்க நேர்ந்தாலும், வேறு வலயத்துக்கு இடமாற்றம் வந்தாலும் அதே கேள்விதான் உங்கள் முன்னால் நிற்கும். உங்களுக்கு அந்த நாய்மீது அன்பு இருக்கிறதா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்களைத் தவிர இன்னும் ஒருவர் அதைப் பார்த்துக்கொள்ளப் பழகியிருக்கிறாரா என்பதைத்தான் நான் அறிய விரும்புகிறேன்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நடக்க முடியாத எங்கள் நாய் சின்னியை நான் பொறுப்பேற்றதும் இரண்டு கிழமைக்கென்றுதான். அது மூன்றரை வருடமாயிற்று. முதல் ஒன்பது நாளும் அதன் படுக்கைத் துணி எந்நேரமும் நனைந்தே கிடந்ததால், சிறுநீர் தாராளமாகப் போகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். விசாரித்த இடத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். பத்தாம் நாள் துணியில் இரத்தம் கண்டது, உடம்பு கொதித்தது, சாப்பாட்டை முகர்ந்தும் பார்க்கவில்லை. எங்கள் அயலில் ஒரு தம்பி இருக்கிறார்; 2009இல் முதுகில் செல் (எறிகணை) துண்டு பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தவர். வேலிக்கு அந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் இருந்தபடி என் துணிக்கொடியைப் பார்த்துவிட்டு, "அக்கா, அது போகேல்லை. நிரம்பி வழியுது" என்றார். பிறகு படலையால் உள்ளே வந்து, குனிந்து, நாயின் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்து, என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். பின்தொடைகளுக்குச் சற்று முன்னால், தோலுக்குக் கீழே, பெரிய தோடம்பழம் அளவில் இறுகிப்போன ஒன்று என் விரல்களுக்குத் தட்டுப்பட்டது. ஒன்பது நாளாக நான் துணியை மட்டுமே மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முள்ளந்தண்டு வடத்தில் அடிபட்ட நாய்க்குக் கால்களோடு சேர்ந்து சிறுநீர்ப்பையும் கட்டுப்பாட்டை இழக்கக்கூடும். பை நிரம்பியபின் மேலதிகமானது சொட்டுச் சொட்டாக வெளியேறும். உள்ளே தேங்கியது அங்கேயே கிடந்து கிருமி பிடித்து, சிறுநீரகம்வரை ஏறக்கூடும். ஆகவே ஆறு முதல் எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது கையால் அழுத்தி வெளியேற்ற வேண்டும். நீங்கள் பாடசாலைக்குப் போகுமுன் காலை ஐந்தரைக்கு, திரும்பி வந்ததும் ஒன்றரை இரண்டுக்கு, பின்னேரம் ஆறரைக்கு, படுக்கப்போகுமுன் பத்து மணிக்கு என்று நான்கு முறை வைத்துக்கொண்டால் உங்கள் வேலையோடு அது பொருந்திவரும். நாயின் பின்புறத்தை உங்கள் முழங்கால்களுக்கிடையில் தாங்கி நிறுத்தி, இரண்டு உள்ளங்கைகளையும் வயிற்றின் இரு பக்கமும் தட்டையாக வைத்து, வால் பக்கமாக மெதுவாகவும் தொடர்ச்சியாகவும் அழுத்த வேண்டும். விரல் நுனியால் குத்தவோ திடீரென்று அமுக்கவோ கூடாது. இதை வாசித்துப் பழக முடியாது. மிருக வைத்தியரின் கைக்குமேல் உங்கள் கையை வைத்து ஒரு தடவை செய்து பாருங்கள், அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். பெட்டை நாய்க்கு இது பொதுவாகக் கொஞ்சம் இலகு. சிறுநீர் கலங்கி, கடுமையாக மணத்தால் அடுத்த நாளைக்கு விடாமல் அன்றே காட்டுங்கள்.

படுக்கைப் புண்ணைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்தவரும் அதே தம்பிதான். இரவில் அவருடைய துணைவியார் கண்ணாடி பிடித்து அவருடைய உடம்பைப் பார்ப்பது போல, நானும் தினமும் சின்னியின் இடுப்பெலும்பு, தொடையின் வெளிப்புறம், கணுக்கால் ஆகிய இடங்களில் மயிரை விலக்கிப் பார்ப்பேன். விரலால் அழுத்தி எடுத்த பின்னும் சிவப்பு வெளிறாமல் நின்றாலோ, அந்த இடம் சூடாகத் தடித்திருந்தாலோ புண் தொடங்கிவிட்டதென்று அர்த்தம். அந்தப் பக்கம் இனிப் படுக்கவிடக் கூடாது. தடிப்பான, உலர்ந்த மெத்தையில் நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது பக்கம் மாற்றிவிடுங்கள். ஈரம் பட்ட தோலைக் கழுவித் துடைத்து, காற்றில் உலரவிட்டு, மெல்லியதாக வாசலின் பூசுங்கள். எங்கள் வெக்கைக்கு, திறந்த புண்ணில் இலையான் ஒரு முறை இருந்தாலே மறுநாள் புழுவைக் காணலாம். கிரவல் நிலத்தில் இழுபட்டுப் பாதத்தின் மேற்புறம் தேயும். பழைய காலுறை போட்டுவிடலாம். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய சோதனையாக இருந்தது ஐப்பசி, கார்த்திகை மழை. ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் துணி தோய்க்க வேண்டும், ஒன்றும் காயாது. பழைய சாரங்களையும் சேலைகளையும் இப்போதே சேர்த்துவையுங்கள். அடுப்படிக்கு மேலே ஒரு கொடி கட்டுங்கள்.

இனி அயலவரின் கேள்வி. முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களின் பெயரைச் சொல்லி உங்களைக் கேட்கிறவர்களுக்கு நான் மேலே எழுதியதையே பதிலாகச் சொல்வேன். அந்தத் தம்பிக்குச் சேர வேண்டிய கொடுப்பனவும், மருத்துவமும், தொழிலும் கிடைக்காமல் போனதற்கு ஒரு நாயின் குளிசைச் செலவு காரணமில்லை. அவர் ஒரு நாளும் சின்னியோடு தன்னை ஒப்பிட்டு மனம் நோகவில்லை. வடம் அறுந்த உடம்பை எப்படிக் காப்பாற்றுவது என்று எங்கள் ஊரில் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர் என்ற முறையில் அவராகவே வந்தார். வன்னியில் எத்தனையோ வீடுகளில் இந்த அறிவு இருக்கிறது. உங்கள் ஊரிலும் கேட்டுப் பாருங்கள்.

முடிவெடுக்குமுன் வைத்தியரிடம் மறுபடியும் போக வேண்டும். பின்கால் விரலின் எலும்பை இடுக்கியால் அழுத்தும்போது நாய் திரும்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கால் தானாக மடங்கினால் மட்டும் உணர்வு இருக்கிறதென்று மகிழ்ந்துவிட வேண்டாம். அது மூளைவரை போகாமலே நடக்கும் அனிச்சைச் செயல். ஐந்து கிழமைக்குப் பின்னும் ஆழமான வலி தெரியவில்லை என்றால், அது இனி நடக்கும் என்ற நம்பிக்கையில் அல்லாமல், நடக்காது என்று எண்ணியே நீங்கள் தீர்மானிக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தப் பரிசோதனையும் தேவை. உண்ணிக் காய்ச்சலில் இரத்தம் உறையச் செய்யும் தட்டுகள் குறைந்திருக்கலாம்; அதை அறியாமல் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தால் இரத்தப்போக்கு நிற்காமல் போகலாம். வந்திருந்தால் டொக்சிசைக்கிளின் குளிசையை, வழக்கமாகச் சொல்வதுபோல 28 நாள், இடையில் நிறுத்தாமல் கொடுத்து முடிக்க வேண்டும். விசர் தடுப்பூசி இன்னும் போடவில்லை என்றால் உடனே போடுங்கள். வலிக்கென்று வீட்டில் இருக்கும் பனடோல், டைக்குளோபெனாக், இபுபுறூபன் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் ஈரலையும் அவை கெடுத்துவிடும்.

அந்த இளைஞர்கள்மீது கோபப்படாதீர்கள், ஆனால் வாய்ப்பேச்சோடு விடவும் வேண்டாம். தற்காலிகமாக வைத்திருப்பது பாதி வேலை அல்ல. உயிர் தப்பிய முதல் இரண்டு மாதங்களைத் தாண்டவைப்பதே பெரிய வேலை, அதில் பாதிக்கு மேல் நீங்கள் செய்து முடித்துவிட்டீர்கள். இத்தோடு கையளிக்க விரும்பினாலும் குற்ற உணர்வு வேண்டாம். வைத்திருப்பதானால் எந்தத் திகதிவரை, மருந்துச் செலவு யாருடையது, சத்திரசிகிச்சைக்கு யார் சம்மதிப்பது, நீங்கள் நோயில் விழுந்தால் நாய் எங்கே போகும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் ஒப்பமிடுங்கள். இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளையின் நாய்கள் சரணாலயம் இருப்பது எங்களுக்கு ஆறுதல்தான். ஆனாலும் பல நாய்கள் சேர்ந்து வாழும் எந்த இடத்திலும், ஒரே நாய்க்கு நாளுக்கு நான்கு முறை கை கொடுப்பது மிகக் கடினம்.

இன்னொன்றையும் நான் மறைக்க விரும்பவில்லை. சிறுநீரகத் தொற்று மீண்டும் மீண்டும் வந்து, புண் எலும்புவரை இறங்கி, உங்கள் குரலுக்குக் காது அசைப்பதையும் அது நிறுத்திவிட்டால், வைத்தியர் நரம்பில் மயக்க மருந்தை அதிகமாக ஏற்றி உறங்கவைப்பது துரோகம் அல்ல. சின்னிக்கு நான் அதைத்தான் செய்தேன். ஒரு கிழமை பிந்திச் செய்தேன் என்பதே இன்றுவரை என் மனத்தை அறுக்கிறது.

அம்மாவிடம் போய் வாதாடாதீர்கள். மாரி தொடங்குமுன் ஒரு சனி, ஞாயிறு நீங்கள் வீட்டில் இல்லாமல் இருந்து பாருங்கள். அவரோ, அயலில் ஒரு பிள்ளையோ அந்த எட்டு முறையையும் செய்து, நாய் உலர்ந்த படுக்கையில் இருந்தால் தத்தெடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த இரண்டாவது ஆளைக் கண்டுபிடிக்கும்வரை தற்காலிகமாகவே வைத்திருங்கள்.

சின்னியின் வண்டி எங்கள் விறாந்தையில்தான் இருக்கிறது. பிவிசி குழாயும் சிறுபிள்ளைச் சைக்கிளின் இரண்டு சில்லும் வைத்து அந்தத் தம்பி செய்து தந்தது. வலி தெரியாவிட்டாலும் முன்கால் பலமாக இருந்தால் அதில் ஓடும். முதலில் நாளுக்குப் பத்து நிமிடம், பக்கத்தில் ஆள் நிற்க மட்டுமே பூட்டலாம். நாயை நிறுத்திப் பிடித்து, நிலத்திலிருந்து இடுப்புவரையான உயரத்தையும், முன்கால் அக்குளிலிருந்து பின்தொடைவரையான நீளத்தையும், இடுப்பின் அகலத்தையும் அளந்து அனுப்புங்கள். குழாயை வெட்டிச் சரிசெய்து தருவதாக அவர் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
அக்கா