க்ரூஸ் பிடிக்கவில்லையா? முதலில் பின்னால் போய் பிரேக் லைட்டைப் பாருங்கள்

மார்கழி பிறந்தால் போதும், பொங்கலுக்கு ஊருக்கு வண்டி எடுக்கிறவர்கள் என் பட்டறை வாசலில் வரிசையாக நிற்பார்கள். ஏசி, டயர், பேட்டரி எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியாக “அண்ணா, இந்த க்ரூஸ் மட்டும்...” என்று இழுப்பார்கள். க்ரூஸ் கண்ட்ரோலைத்தான் சொல்கிறார்கள்: ஒரு வேகத்தைச் ‘செட்’ செய்துவிட்டால், ஆக்சிலரேட்டரை மிதிக்காமலேயே வண்டி அதே வேகத்தில் போகும். இந்த வருடம் எங்கள் அப்பார்ட்மெண்ட்டிலும் பெங்களூரின் மற்ற ஏரியாக்களிலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் கேள்விகளை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பெங்களூரில் 22 வருடமாக கார் எலக்ட்ரீசியன் வேலை பார்க்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

க்ரூஸ் பட்டனை அழுத்தினால் மீட்டரில் விளக்கு வருகிறது. ஓசூர் தாண்டி 80-ல் போகும்போது ‘செட்’ அழுத்தினால் பிடிக்க மாட்டேன் என்கிறது. வண்டியின் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா? (பானசவாடி)

அவசரப்படாதீர்கள். விளக்கு வருகிறது என்றால் ஸ்டியரிங் பட்டன் பேசுவது கம்ப்யூட்டருக்குக் கேட்கிறது. அது பிடிக்க மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம், நீங்கள் பிரேக்கில் கால் வைத்திருப்பதாக அது நினைப்பதுதான்.

பிரேக் பெடலுக்கு மேலே கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். நிறைய வண்டிகளில் அதற்குள் இரண்டு தொடர்பு. பெடலை மிதித்தால் ஒன்று சேர்ந்து பிரேக் லைட்டை எரியவைக்கும், இன்னொன்று பிரிந்து க்ரூஸை வெட்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கம்ப்யூட்டர் க்ரூஸை அனுமதிக்காது. அதனால் ‘பிரேக் லைட் நன்றாகத்தானே எரிகிறது’ என்று சுவிட்சை விட்டுவிடக் கூடாது. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரைப் போட்டால் பி0571 அல்லது பி0504 என்று பழுதுக் குறியீடு வரும். குறியீடு வராவிட்டாலும் லைவ் டேட்டாவில், அதாவது அந்த நேரத்து நிலவரத்தில், பிரேக் ஆன், ஆஃப் என்று காட்டும். பெடலைத் தொடாமலேயே ‘ஆன்’ காட்டினால் கள்ளன் அகப்பட்டான்.

போன மாதம் ஒருவர் வந்தார். இரவு நிறுத்தினால் காலையில் பேட்டரி காலி, க்ரூஸும் இல்லை. டிரைவர் பக்க மேட்டைத் தூக்கினேன். உடைந்த பிஸ்கட் மாதிரி நாலு பிளாஸ்டிக் துண்டு கிடந்தது. பெடல் மேலே வந்ததும் சுவிட்சின் முனையை அழுத்திப் பிடிக்க ஒரு சின்ன ஸ்டாப்பர் உண்டு. வெயிலில் காய்ந்து அது நொறுங்கிவிட்டது. சுவிட்ச் முனை, ஸ்டாப்பர் இருந்த ஓட்டைக்குள் நுழைந்து, ராத்திரி முழுக்க பிரேக் லைட் எரிந்திருக்கிறது. ஸ்டாப்பரின் விலை ஒரு டிபன் காசு. அவர் அதற்குள் புது பேட்டரி வாங்கிவிட்டிருந்தார்!

கியர் வண்டியாக இருந்தால் கிளட்ச் சுவிட்சையும் இதே மாதிரி பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அப்புறம் ஃப்யூஸ், ஒயரிங். கம்ப்யூட்டர் பேச்சை எடுக்க வேண்டியது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

க்ரூஸ் பிடிக்கிறது, ஆனால் ரோட்டில் ஒரு குலுக்கல் வந்தால் தானாக விட்டுவிடுகிறது. (ஹோரமாவு)

சுவிட்ச் பிடிப்பு தளர்ந்திருக்கலாம். பெடல் அரை மில்லி ஆடினாலே வெட்டும். இல்லையென்றால் சக்கரத்தின் ஸ்பீடு சென்சார் ஒயர் எங்காவது உரசித் தேய்ந்திருக்கும். மீட்டரில் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) லைட்டும் கூடவே மின்னினால் அதுதான். அப்புறம் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: இடது காலைக் கிளட்ச் மேல் வைத்தபடி ஓட்டுகிற பழக்கம் உண்டா?

ஹார்ன் அடிக்கவில்லை, ஏர்பேக் லைட் எரிகிறது, க்ரூஸ் பட்டனும் செத்துவிட்டது. மூன்று பழுதா? (கே.ஆர். புரம்)

ஒரே பழுதுதான் மேடம். ஸ்டியரிங்குக்குள் கிளாக் ஸ்ப்ரிங் என்று டேப் மாதிரி சுருட்டிய தட்டையான ஒயர் இருக்கிறது. ஹார்ன், ஏர்பேக், பட்டன்கள் எல்லாம் அது வழியாகத்தான் போகின்றன. அது அறுந்திருக்கிறது. வீட்டில் கழற்றாதீர்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடமாவது காத்திருந்துதான் நாங்களே ஏர்பேக்கில் கை வைக்கிறோம். ஏர்பேக் ஒயரின் அந்த மஞ்சள் கப்ளரில் (இணைப்பில்) மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பதெல்லாம் விஷப் பரீட்சை. புதியதை நடுநிலையில் வைத்து மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் யூ-டர்னிலேயே மறுபடி அறுந்துவிடும்.

செக் இன்ஜின் லைட் எரிகிறது. வண்டி நன்றாக ஓடுகிறது, க்ரூஸ் மட்டும் இல்லை. (எலக்ட்ரானிக் சிட்டி)

சில வண்டிகளில் இன்ஜினில் வேறு ஏதோ கோளாறு இருந்தாலே கம்ப்யூட்டர் க்ரூஸை நிறுத்திவிடும். லைட்டுக்கான காரணத்தைச் சரிசெய்யுங்கள், க்ரூஸ் தானாக வரும்.

முன்னால் போகிற வண்டியைப் பார்த்து வேகம் குறைக்கிற வகை என்னுடையது. ஆயுத பூஜையிலிருந்து ‘ரேடார் மறைந்துள்ளது’ என்று வருகிறது. (ஒயிட்ஃபீல்டு)

கேள்வியிலேயே பதில் இருக்கிறது சார். பல வண்டிகளில் ரேடார் முன்பக்க சின்னத்துக்குப் பின்னாலோ, பம்பரின் கீழ்ப்பகுதியிலோ இருக்கும். அங்கேதான் நாம் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, மாலையும் கட்டுகிறோம். ஈரத்துணியால் மெதுவாகத் துடையுங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார், வேண்டுமானால் பொட்டை போனட்டில் வைக்கலாம். துடைத்தும் போகவில்லை என்றால், இடையில் பம்பரைக் கழற்றினீர்களா, முன் கண்ணாடி மாற்றினீர்களா என்று யோசியுங்கள். அப்படியானால் காலிபிரேஷன் (சென்சாரை மறுபடி சரியாக அளவமைப்பது) தேவைப்படலாம். அதற்குரிய கருவி இருக்கிற இடத்தில்தான் செய்ய வேண்டும்.

80-ல் செட் செய்தால் இறக்கத்தில் 92 ஆகிறது. (ஜெயநகர்)

பழுது இல்லை. சாதாரண க்ரூஸ் ஆக்சிலரேட்டரைத்தான் ஆளும், பல வண்டிகளில் பிரேக்கைத் தொடாது. தொப்பூர் கணவாயில் தயவுசெய்து க்ரூஸை அணைத்துவிட்டு, கியர் குறைத்து இறங்குங்கள். மழையிலும் வேண்டாம்.

பழைய வண்டி. பின்னால் எல்இடி பல்பு மாற்றியதிலிருந்து க்ரூஸ் இல்லை. சம்பந்தம் உண்டா? (உல்சூர்)

உண்டு. சில பழைய வண்டிகளில் க்ரூஸ் பெட்டி, பிரேக் பல்பின் இழை வழியாக எர்த் கிடைக்கிறதா என்று பார்க்கும். எல்இடி அந்த வழியைக் கொடுக்காது. பெங்களூர் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் பழைய வகை பல்பு ஒரு ஜோடி வாங்கி மாட்டிப் பாருங்கள். பல்பு இரண்டும் ஃப்யூஸ் போனாலும் இதே கதைதான்.

இதை முதலில் கண்டுபிடித்தது யார் தம்பி? (எங்கள் பிளாக் பெரியவர்)

ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கர் ஐயா. சிறு வயதிலேயே பார்வை போனவர். அவருடைய வக்கீல் பேசிக்கொண்டே ஓட்டும்போது வண்டி வெட்டி வெட்டிப் போகுமாம். அந்த எரிச்சலில் பிறந்த யோசனை என்பார்கள். 1950-ல் காப்புரிமை, 1958-ல் கிரைஸ்லர் காரில் வந்தது.

போகிக்கு முந்தின நாள் வண்டியைக் கொண்டுவரலாமா? (மூன்று பேர்)

வேண்டாம். அன்று காலையிலேயே நான் தர்மபுரி தாண்டியிருப்பேன். ஒரு வாரம் முன்னால் வாருங்கள். வருவதற்கு முன், வீட்டில் யாரையாவது வண்டிக்குப் பின்னால் நிற்கவைத்து, பிரேக் பெடலை மிதித்து, காலை எடுத்து, பிரேக் லைட் எரிந்து அணைகிறதா என்று பாருங்கள்.